மெயிலர் டீமன் எழுதும் கடிதம்

விமர்சகர்கள் யாரும் கை வைக்காத ஓர் உரைநடை வகை இருக்கு. நாம் அனுப்பிய மெயில் போய்ச் சேராதபோது 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் நமக்குத் திரும்பி வரும் கடிதம். ஆபீசில் பவுன்ஸ் என்போம். டீமன் என்றால் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் புரோகிராம். நம்ம ஊர்க் கணக்கில் ஒரு வேலைக்கார பூதம். பூதம் எழுதும் கடிதத்தைப் பெரும்பாலானவர்கள் திறந்து பார்த்து, ஆங்கிலமும் எண்களும் கலந்த அந்தச் சுவரைக் கண்டு மிரண்டு மூடிவிட்டு, அதே மெயிலை அதே விலாசத்துக்கு இன்னொரு முறை அனுப்புவார்கள். அதுவும் திரும்பி வரும்.

அந்தக் கடிதத்தை ஒரு எழுத்தாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்ப்பதுதான் இந்தப் பதிவு. முடிவை முதலிலேயே சொல்லிடறேன். அது மோசமாக எழுதப்பட்ட, ஆனால் நேர்மையான கடிதம். அதைவிட மோசமான ஒன்று இருக்கு: அந்தக் கடிதம் வராமலே போவது.

தபால்காரரின் ஒரு வரி

பதிவுத் தபால் திரும்பி வந்தால் உறை மேல் தபால்காரர் கையெழுத்தில் ஒரு வரி இருக்கும். 'வீடு பூட்டியிருந்தது', 'வாங்க மறுத்தார்', 'இந்த விலாசத்தில் இல்லை'. பக்கத்தில் தேதி, சுருக்கொப்பம். இரண்டு மூன்று சொல்தான். ஆனால் ஒவ்வொன்றும் நமக்கு வேறு வேறு வேலையைக் கொடுக்குது. பூட்டியிருந்தால் மறுபடி அனுப்பணும். மறுத்திருந்தால் வக்கீலைப் பார்க்கணும். ஆளே இல்லையென்றால் விலாசத்தை விசாரிக்கணும். யார் எழுதினார், எப்போது எழுதினார், ஏன் திரும்பியது, மூன்றுக்கும் பதில் அந்த ஒரு வரியில் இருக்கு. திருப்பி அனுப்பும் குறிப்புக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியாது.

மின்னஞ்சலுக்கும் இப்படி ஒரு ஏற்பாடு ஆரம்பத்திலேயே யோசிக்கப்பட்டிருக்கு. 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821-தான் இன்றைய எஸ்எம்டிபி-யின் தாய் ஆவணம். அதில் ஒரு சர்வர் இன்னொரு சர்வருக்குச் சொல்லும் ஒவ்வொரு பதிலுக்கும் மூன்று இலக்க எண் உண்டு. 2-இல் தொடங்கினால் 'ஆச்சு'. 4-இல் தொடங்கினால் 'இப்போ முடியாது, அப்புறம் வா'. 5-இல் தொடங்கினால் 'முடியாது, திரும்ப வராதே'. 'வீடு பூட்டியிருந்தது' என்பது 4. 'வாங்க மறுத்தார்' என்பது 5.

பின்னாடி இது இன்னும் நுணுக்கமானது. 1996-இல் வந்து, 2003-இல் ஆர்எஃப்சி 3463-ஆகத் திருத்தப்பட்ட ஆவணம், புள்ளி வைத்த மூன்று எண்களைக் கொண்டுவந்தது. நடு எண்ணைப் பாருங்க: 1 என்றால் விலாசத்தில் கோளாறு. 2 என்றால் பெட்டியில் கோளாறு. 4 என்றால் வழியில், அதாவது நெட்வொர்க்கில். 7 என்றால் பாதுகாப்பு அல்லது கொள்கை. ஆக 5.1.1 என்றால் அப்படி ஒரு ஆள் அங்கே இல்லை. எழுத்துப்பிழை இருக்கா பாருங்க. 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது. அவருக்குப் போன் பண்ணுங்க. 5.7.1 என்றால் ஆள் இருக்கார், பெட்டி இருக்கு, ஆனால் உங்க மெயிலை எடுக்க அனுமதி இல்லை. உங்க டொமைன், ஐபி, டிஎன்எஸ் பக்கம் போய்ப் பாருங்க. தபால்காரரின் வரி செய்த வேலையை இந்த மூன்று எண் செய்யுது. வடிவமைப்பாக இது அழகு.

மூன்று பாகம், இரண்டு வாசகர்

அப்புறம் ஏன் யாருக்கும் புரியலை? கடிதத்தின் கட்டமைப்பைப் பாருங்க. முறையாக எழுதப்பட்ட பவுன்ஸுக்கு மூன்று பாகம். முதல் பாகம் மனிதர்களுக்கு. இரண்டாவது புரோகிராம்களுக்கு: எந்த சர்வர் இந்த அறிக்கையை எழுதுது, யாருக்குப் போகவேண்டிய மெயில், நிலை எண் என்ன, மறுமுனை சர்வர் எது, அது சொன்ன வார்த்தை என்ன என்று வரிசையாக இருக்கும். மூன்றாவது, நாம் அனுப்பிய மெயில் அல்லது அதன் தலைப்பகுதி மட்டும்.

இதில் வேடிக்கை, மனிதர்களுக்காக எழுதின முதல் பாகம்தான் மனிதர்களுக்கு உதவாத பாகம். வருத்தம் தெரிவிக்கும், முடியவில்லை என்று சொல்லும், முடிஞ்சுது. டேனியல் பெர்ன்ஸ்டைனின் க்யூமெயில் இதில் தனி ரகம். தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, தன்மையில் பேசி, கைவிட்டுவிட்டேன் மன்னிச்சிடுங்க என்று முடிக்கும். மரியாதையில் குறை இல்லை. போஸ்ட்ஃபிக்ஸ் கொஞ்சம் ஆபீஸ் பாணி: உதவி வேண்டுமானால் போஸ்ட்மாஸ்டருக்கு எழுதுங்க, எழுதும்போது இந்த அறிக்கையையும் இணையுங்க என்கும். எந்தப் போஸ்ட்மாஸ்டர்? நம் பக்கத்தவரா, அவர்கள் பக்கத்தவரா? சொல்லாது.

என் பெரிய குறை இதுதான்: பேசுவது யார் என்று கடிதம் சொல்வதில்லை. பெரும்பாலும் பவுன்ஸை எழுதுவது நம்முடைய சொந்த சர்வர். மறுத்தது எதிர் சர்வர். அதன் வார்த்தை நடுவில் எங்கோ மேற்கோளாக ஒட்டிக்கொண்டிருக்கும். கூரியர்காரர் பார்சலைத் திருப்பிக் கொண்டுவந்து, அந்த வீட்டுக்காரர் சொன்னதைத் தன் குரலிலேயே ஒப்பித்தால் நாம் யாரிடம் சண்டை போடுவோம்? கூரியர்காரரிடம்தான். அதனால்தான் எதிராளியின் பெட்டி நிரம்பியதற்கு நம்ம ஐடி ஆள் திட்டு வாங்குகிறார்.

இரண்டாவது குறை, கடிதம் வரும் நேரம். 4-இல் தொடங்கும் பதில் வந்தால் அனுப்பும் சர்வர் காத்திருந்து மறுபடி முயற்சி பண்ணணும். இன்றைய விதியான ஆர்எஃப்சி 5321 (2008) இரண்டு முயற்சிக்கு நடுவில் குறைந்தது 30 நிமிஷம் விடச் சொல்லுது. கைவிடுவதற்கு முன் 4, 5 நாளாவது பார்க்கச் சொல்லுது. சரியான விதிதான்; எதிர் சர்வர் ஒரு ராத்திரி படுத்துக்கிட்டாலும் மெயில் தொலையாது. ஆனால் அந்த ஐந்து நாளும் அனுப்பினவருக்கு யாராவது சொல்றாங்களா? சென்ட்மெயில் நாலு மணி நேரத்தில் 'இன்னும் போகலை, முயற்சி பண்ணிட்டிருக்கேன்' என்று ஒரு தாக்கல் அனுப்பும். போஸ்ட்ஃபிக்ஸில் அந்தத் தாக்கல் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கு. நிர்வாகி போய் இயக்கணும். இயக்காத இடத்தில் திங்கட்கிழமை அனுப்பிய டெண்டர் போகவில்லை என்பது சனிக்கிழமைதான் தெரியும். டெண்டர் புதன்கிழமையே முடிஞ்சிருக்கும்.

இவ்வளவு குறை சொன்னாலும், இந்தக் கடிதம் பொய் சொல்வதில்லை. போகலைன்னா போகலை என்று சொல்லுது. அடுத்ததுக்கு வருவோம்.

250 என்ற வாக்கு

இரண்டு சர்வர் பேசி முடிக்கும்போது, முழு மெயிலையும் வாங்கிக்கொண்ட சர்வர் '250' என்று பதில் சொல்லும். இது வெறும் 'சரி' கிடையாது. ஆர்எஃப்சி 5321 இதற்கு ஒரு பொருள் கொடுக்குது: 250 சொன்ன நொடியிலிருந்து அந்த மெயிலுக்கு நீ பொறுப்பு. சேர்க்கணும், இல்லை சேரலைன்னு அனுப்பினவருக்குச் சொல்லணும். மெஷின் படுத்துச்சு, டிஸ்க் நிரம்பிச்சு மாதிரி அற்பக் காரணத்துக்காகத் தொலைக்கக் கூடாது. தொழில்நுட்ப ஆவணத்தில் இவ்வளவு தார்மீகத் தொனியில் எழுதின பத்தி அபூர்வம்.

அடுத்த பிரிவிலேயே ஒரு கதவு திறக்குது. மெயில் மோசடியானது என்று மிக உறுதியாகத் தெரிந்தால், சத்தமில்லாமல் போட்டுவிடலாம். எழுதினவர்கள் இந்தக் கதவை ஒரு விரற்கடை அளவுதான் திறந்தார்கள். 'மிக உறுதி' என்ற நிபந்தனையை வைத்துத்தான் திறந்தார்கள். இன்றைக்கு அந்த வழியாக லாரியே போகுது. நடைமுறையில் 250-க்கு மூன்று அர்த்தம் வந்துவிட்டது: பெட்டியில் போட்டேன், ஸ்பேம் ஃபோல்டரில் போட்டேன், யாருக்கும் தெரியாத தடுப்பறையில் போட்டேன். அனுப்பியவருக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இதில் என்ன போச்சு என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். தெரிந்த குடும்பத்துப் பெண், பொறியியல் மூன்றாம் வருஷம். ஒரு அறக்கட்டளை உதவித்தொகைக்குத் தேர்வாகி, 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று கல்லூரி மெயில் விலாசத்திலிருந்தே பதில் அனுப்பணும் என்று சொல்லியிருந்தார்கள். கெடுவுக்கு நாலு நாள் முன்பே அனுப்பிவிட்டாள். பவுன்ஸ் எதுவும் வரலை. பன்னிரண்டு நாள் கழித்துப் போன் பண்ணிக் கேட்டபோது, பதில் வராததால் பட்டியலில் அடுத்த பெயருக்குக் கொடுத்தாச்சு என்றார்கள். அப்பா, பொண்ணு அனுப்பவே இல்லை என்று நினைத்துக்கொண்டார். அனுப்பினேன் என்று அவள் காட்டிய 'சென்ட்' ஃபோல்டர் எதையும் நிரூபிக்கவில்லை. அனுப்பு பட்டனை அழுத்தியதை மட்டும்தான் அது நிரூபிக்கும்.

என்னிடம் வந்தபோது நான் கேட்டது ஒன்றுதான்: கல்லூரி சர்வரின் லாகில் அந்த மெயிலுக்கான கடைசி வரி. அதில் இருந்தது 250, பக்கத்தில் எதிர் சர்வர் கொடுத்த வரிசை எண். ஆக, மெயில் கல்லூரியை விட்டுப் போயிருக்கு, அந்தப் பக்கம் கைநீட்டி வாங்கியிருக்காங்க. அந்த எண்ணோடு கேட்டதும் அறக்கட்டளையின் மெயில் நிர்வாகி பத்து நிமிஷத்தில் தடுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

ஏன் அங்கே போச்சு? கல்லூரி சில மாதம் முன்னாடி மெயில் சர்வரை மாற்றியிருந்தது. எங்கள் டொமைன் பெயரில் அனுப்ப இந்த ஐபிக்களுக்குத்தான் உரிமை என்று டிஎன்எஸ்ஸில் அறிவிக்கும் எஸ்பிஎஃப் பதிவில் பழைய ஐபிதான் இருந்தது. மெயிலில் கையொப்பம் போடும் டீகிம் போடப்படவே இல்லை. இரண்டும் தேறாவிட்டால் என்ன செய்யணும் என்று பெறுபவருக்குச் சொல்லும் டீமார்க் பதிவில் கல்லூரியே 'தடுத்து வை' என்று எழுதியிருந்தது. அறக்கட்டளை சர்வர் கல்லூரி சொன்னதை அப்படியே செய்திருக்கு. அந்தத் தோல்விகளைத் தினமும் தொகுத்து டொமைன்காரருக்கு அனுப்ப டீமார்க்கிலேயே வழி இருக்கு. கல்லூரிப் பதிவில் அந்த அறிக்கை எந்த விலாசத்துக்கு வரணும் என்ற இடம் காலி.

இரண்டு நிறுவனமும் அவரவர் விதிப்படி நடந்தது. எந்த விதியிலும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லணும் என்று இல்லை. ஒரு வருஷ ஹாஸ்டல் கட்டணம் போச்சு.

500 மைல் கதையும் நம் கதையும்

மின்னஞ்சல் போகாதது பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ட்ரே ஹாரிஸ் 2002-இல் எழுதிய '500 மைல் மின்னஞ்சல்' கதையைக் கொண்டுவருவார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் 500 மைலுக்கு மேல் மெயில் போகலை. கடைசியில் பார்த்தால், சென்ட்மெயிலின் காத்திருக்கும் நேரம் பூஜ்யமாகிவிட்டது; நடைமுறையில் சுமார் மூன்று மில்லிசெகண்ட். அந்த நேரத்தில் ஒளி போகும் தூரம் 500 மைலுக்குச் சற்று மேல். எங்க தொழிலில் இது ஒரு செவ்வியல் கதை, எனக்கும் பிடிக்கும்.

ஆனால் அந்தக் கதை நம்மை ஒரு தப்பான எதிர்பார்ப்புக்குப் பழக்குது. அதில் கோளாறு இயற்பியலுக்குக் கட்டுப்பட்டது. மறுபடி மறுபடி செய்து பார்க்கலாம், அளக்கலாம், ஒவ்வொரு முறையும் போகலை என்று மெஷின் ஒப்புக்கொள்ளும். புத்திசாலித்தனம் இருந்தால் தீர்வு உண்டு. இன்றைய கோளாறு அப்படி இல்லை. நேற்று பெட்டிக்குப் போன மெயில் இன்று ஸ்பேமுக்குப் போகும். அதே வாசகம் ஒருவருக்குச் சேரும், பக்கத்து மேஜைக்காரருக்குச் சேராது. அளக்கவேண்டிய அளவுகோல் அடுத்தவர் வீட்டுக்குள் இருக்கு. இங்கே தேவைப்படுவது துப்பறியும் திறமையைவிட, கேட்டால் பதில் சொல்லும் கடமை.

எதிர்த்தரப்பு வாதம்

சத்தமில்லாமல் போடுவதற்கு நியாயம் இருக்கு, அதையும் சொல்லணும். ஸ்பேம் அனுப்புகிறவன் அடுத்தவர் விலாசத்தைத் திருடி 'அனுப்புநர்' இடத்தில் போடுவான். முதலில் வாங்கிக்கொண்டு அப்புறம் பவுன்ஸ் அனுப்பினால், அது சம்பந்தமே இல்லாதவர் தலையில் போய் விழும். அப்பாவி ஒருவருக்கு ஒரே ராத்திரியில் ஆயிரக்கணக்கில் பவுன்ஸ் வருவது இப்படித்தான். இன்னொன்று, 'இந்த ஆள் இங்கே இல்லை' என்று ஒழுங்காகப் பதில் சொன்னால், பெயர்களை வரிசையாகப் போட்டுப் பார்த்து யார் இருக்கிறார் என்று பட்டியல் எடுத்துவிடுவான்.

முதல் வாதத்துக்குப் பதில், வாங்கிக்கொள்ளும் முன்பே, வாசலில் வைத்தே 5 சொல்லி மறுப்பது. அப்படி மறுத்தால் பவுன்ஸ் எழுதும் பொறுப்பு அனுப்பும் சர்வருக்குப் போகுது. நிஜமான சர்வர் என்றால் தன் பயனருக்குச் சொல்லும். ஸ்பேம் புரோகிராம் கண்டுக்காமல் போகும். அப்பாவி தலையில் எதுவும் விழாது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே மெயில் பத்து பேருக்கு வந்தால், உள்ளடக்கத்தைப் பார்த்த பிறகு எஸ்எம்டிபி-யில் பத்து பேருக்கும் சேர்த்து ஒரே பதில்தான் சொல்ல முடியும். ஒருவருக்கு வேண்டும், ஒன்பது பேருக்கு வேண்டாம் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் எஸ்பிஎஃப், டீகிம், டீமார்க் தோல்விக்கு இந்தச் சாக்கு செல்லாது. அது மெயில் முழுசுக்கும் பொது. அந்தப் பெண்ணின் மெயிலில் பெறுபவர் ஒரே ஒருவர்.

பெரிய நிறுவனங்கள் இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருப்பதையும் சொல்லணும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டீகிம், டீமார்க் மூன்றையும் கட்டாயமாக்கின. ஜிமெயில் கணக்கில் மொத்தம் என்றால் ஒரு நாளைக்கு 5000 மெயில். விதியைப் பொதுவில் வைத்ததே முன்னேற்றம். விதி கடுமையாகும்போது, தவறியவருக்குக் காரணம் சொல்லும் கடமையும் கூடணும் என்பதுதான் என் கட்சி.

சட்டத்தின் கண்ணில்

நான் வக்கீல் இல்லை. சட்ட வரியை எஞ்சினியர் கண்ணால் படிக்கிறேன். நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 13 சொல்வது: பெறுபவர் ஒரு கணினி வளத்தைக் குறிப்பிட்டிருந்தால், மின்பதிவு அதற்குள் நுழையும் நேரமே அது பெறப்பட்ட நேரம். அனுப்பினவரின் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ள கணினிக்குள் நுழைந்தால் அது அனுப்பப்பட்ட நேரம். திறந்தாரா, படித்தாரா என்ற கேள்வியே அங்கே இல்லை. என் வாசிப்பில், '250'-ம் வரிசை எண்ணும் உள்ள லாக் வரி, நுழைந்ததற்கு மிக நெருக்கமான சாட்சி. சட்டம் நுழைவைப் பெறுதல் என்குது. ஆபீஸ் கிளார்க் பெட்டியில் தெரிவதைத்தான் பெறுதல் என்கிறார். நடுவில் இருப்பது தடுப்பறை. இரண்டு அர்த்தமும் ஒன்று சேராதவரை இழப்பு எப்போதும் அனுப்பியவருக்கே.

அதுவரை என்ன செய்யலாம்

'ஸ்பேம் ஃபோல்டரைப் பாருங்க' என்பது இத்துறையின் 'சூடா கஷாயம் குடிங்க'. தப்பில்லை, போதாது. நான் பின்பற்றும் வரிசை இது.

பவுன்ஸ் வந்திருந்தால் முதல் பாகத்தைத் தாண்டி இரண்டாவது பாகத்துக்குப் போங்க. முதலில் நிலை எண், அடுத்து மறுமுனை சர்வரின் பெயர், அப்புறம் அது சொன்ன வார்த்தை. 5.1 என்றால் விலாசம். 5.2 என்றால் எதிராளியின் பெட்டி. 5.7 என்றால் நம் டொமைன். 4 என்றால் மறுபடி அனுப்பாமல் காத்திருங்க, சர்வரே முயன்றுகொண்டிருக்கு. அவசரம் என்றால் போன்தான். மறுமுனை சர்வரின் பெயரே இல்லையென்றால் மெயில் பெரும்பாலும் நம்ம வாசலையே தாண்டலை.

பவுன்ஸ் வரலையென்றால் நிர்வாகியிடம் 'மெயில் போகலை' என்று சொல்லாதீங்க. 'இத்தனை மணிக்கு அனுப்பிய மெயிலுக்கு எதிர் சர்வர் சொன்ன கடைசி பதில் வரி வேணும்' என்று கேளுங்க. 250-ம் எண்ணும் கிடைத்தால் அதை எதிர்ப்பக்கம் கொடுங்க. அந்த எண் இல்லாமல் கேட்டால் 'வரலையே' என்று ஒரு வார்த்தையில் முடிச்சிடுவாங்க. எண்ணோடு கேட்டால் தேடித்தான் ஆகணும். கெடு உள்ள மெயில் என்றால் கிடைத்ததற்கு ஒரு வரி பதில் கேட்டு எழுதுங்க, ஒரு நாளில் வரலையென்றால் போன் பண்ணுங்க.

நிர்வாகிகளுக்கு மூன்றே வேண்டுகோள். தாமதத் தாக்கலை இயக்கி வைங்க. டீமார்க் அறிக்கை வரும் விலாசத்தை நிரப்பி, மாதம் ஒரு முறையாவது திறந்து பாருங்க. பவுன்ஸின் முதல் பாகத்தை உங்க பயனருக்குப் புரியும் மொழியில் எழுதுங்க. போஸ்ட்ஃபிக்ஸில் அந்த வாசகத்தை மாற்ற முடியும். 'கீழே உள்ள மறுப்பு எதிர்ப்பக்க சர்வர் சொன்னது. எண் 5.7 என்று தொடங்கினால் எங்களை இந்த நம்பரில் கூப்பிடுங்க' என்று இரண்டு வரி தமிழில் போட யாரும் தடுக்கவில்லை.

அந்த அறக்கட்டளை இப்போது ஏற்பு மடல் வந்தால் இரண்டு நாளில் 'கிடைத்தது' என்று ஒரு வரி அனுப்புது. வராதவர்களுக்குக் கெடு நாளன்று போன் பண்ணிக் கேட்குது. சர்வரில் எதையும் மாற்றவில்லை. கல்லூரி எஸ்பிஎஃப் பதிவைச் சரி பண்ணிவிட்டது. டீகிம் இன்னும் போடவில்லை.